இரண்டு ரிஸ்வான்கள்

நான் ஓய்வுபெற்று எட்டு மாதமாகிறது. போன கிழமை பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மூன்று பேர் கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு என் வீடு தேடி வந்தார்கள். மூவரும் கணினிப் பட்டதாரிகள். கொண்டுவந்த கேக்கை வெட்டிச் சாப்பிட்டு முடிந்ததும், அவர்களில் ஒருத்தி கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, ஒரு வரி கோட் எழுதத் தெரியாம நீங்க எப்பிடி எங்கட டூலை டிசைன் பண்ணினீங்க?"

கோபம் வரவில்லை. நியாயமான கேள்வி. அந்தக் கருவியை நான் நன்றாகத்தான் வடிவமைத்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அதே கருவியில் ஒரு பெரிய பிழையும் விட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு அன்று முதலாவதை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். இங்கே இரண்டையும் எழுதுகிறேன்.

அதற்கு முன் நான் விற்பனைப் பிரதிநிதியாக இருந்த இருபத்தெட்டு வருடத்தை ஒரு பந்தியில் அடக்கிவிடலாம். மருந்துக்கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் குளிரூட்டி விற்கும் கம்பனி. பஸ்ஸில் ஏறி இறங்கி விற்றேன், பிறகு கம்பனி வாகனத்தில் போய் விற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வத்தளையில் ஒரு டொக்டரிடம் போய், எங்கள் குளிரூட்டியின் பெருமையை இருபது நிமிடம் பேசினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "மிஸ், நீங்க சாய்ஞ்சு நிக்கிறது நேத்து வந்த பிரிட்ஜ்" என்றார். போட்டிக் கம்பனியுடையது. அன்று முதல், ஒருவரைப் பற்றி விசாரிக்காமல் அவருடைய கதவைத் தட்டியதில்லை. விசாரித்ததையெல்லாம் கொப்பிகளில் எழுதினேன். ஓய்வுக்கு ஏழு வருடம் இருக்கும்போது என்னிடம் ஒரு அலுமாரி நிறையக் கொப்பிகள் இருந்தன.

அப்போதுதான் தர்ஷினி வந்தாள். வெள்ளவத்தையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில், செயற்கை நுண்ணறிவை வைத்து விற்பனையாளர்களுக்கு ஒரு ஆராய்ச்சிக் கருவி செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் குழுவுக்கு அவள்தான் தலைவி, வயது முப்பத்திரண்டு. நாளை சந்திக்கப்போகும் வாடிக்கையாளரின் பெயரைக் கொடுத்தால், கருவி பத்திரிகைகள், இணையத்தளங்கள், வேலைவாய்ப்பு விளம்பரங்கள், கம்பனியின் பழைய சந்திப்புக் குறிப்புகள் எல்லாவற்றையும் வாசித்து, தெரிந்துகொள்ள வேண்டியதைத் தொகுத்துத் தரும். அதைச் சில விற்பனையாளர்களிடம் காட்டி அபிப்பிராயம் கேட்க வந்திருந்தாள். அரை மணித்தியாலம் போதும் என்றாள்.

நான் அடிக்கடி போய்வந்த ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைக் கொடுத்தோம். நான்கு பக்கம் வந்தது. எப்போது தொடங்கினார்கள், எத்தனை கட்டில்கள், அவர்களுடைய நோக்கக்கூற்று என்ன என்றெல்லாம் அதில் இருந்தது.

"பிள்ளை, இதை வாசிச்சு முடியிறதுக்குள்ள டொக்டர் வீட்ட போயிடுவார்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு பேனையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "தேவையில்லாததை வெட்டுங்கோ."

வெட்டினேன். ஏழு வரிதான் மிஞ்சியது. பிறகு, மிஞ்சியதிலும் எது முதலில் வர வேண்டும் என்று சொன்னேன். போன முறை போனதற்குப் பிறகு அங்கே என்ன மாறியிருக்கிறது என்பதுதான் முதல் வரி. கடைசி வரி, போனவுடன் கேட்கக்கூடிய ஒரு கேள்வி. வாகனத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் திறப்பதற்குள் வாசித்துவிட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகவே கூடாது. அரை மணித்தியாலம் என்று வந்தவள் மூன்று மணித்தியாலம் இருந்தாள். புறப்படும்போது, "இதைச் சொல்லிக்கொண்டிருக்காம வந்து செய்யுங்கோ அக்கா" என்றாள். இரண்டு மாதத்தில் நான் என் கொப்பிகளோடு வெள்ளவத்தைக்குப் போய்விட்டேன்.

தர்ஷினியின் கீழ் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். என்னைவிட இருபத்தொரு வயது இளையவள். அவளைப்போல ஒரு மேலதிகாரி எனக்கு அதற்கு முன் வாய்க்கவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, கருவி அந்த வாரம் எழுதிய பக்கங்களில் பத்தை அச்சடித்துக்கொண்டு வருவாள். செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, சீனி போடாத பிளேன் டீ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசிப்பாள். ஒவ்வொரு வரிக்கும் கேள்வி ஒன்றுதான்: "இதை ஆர் சொன்னது?"

சொன்னது யார் என்று காட்ட முடிந்தால் பச்சைப் பேனையால் ஒரு கோடு. முடியாவிட்டால் பேனையை மூடி வைத்துவிட்டு, "எனக்கு விளங்கேல்ல" என்பாள். பிழை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் பொறியியலாளர்களுக்கு வியர்க்கும்.

ஒரு புதன்கிழமை, 'இந்த நிறுவனம் விரிவடைந்து வருகிறது' என்று ஒரு வரி வந்தது. யார் சொன்னது? தேடிப் பார்த்தால், அந்த நிறுவனம் ஒரே மாதத்தில் மூன்று வேலைக்கு ஆள் கேட்டு விளம்பரம் போட்டிருந்தது. விரிவடைகிறார்கள் என்பது கருவி தானாக முடிவுகட்டியது.

"மூன்று பேர் சண்டைபிடிச்சு விலகியிருக்கவும் கூடும்" என்றேன் நான்.

தர்ஷினி பேனையைத் திறந்தாள். "அப்ப என்ன எழுதலாம்?"

"'மூன்று வேலைக்கு ஆள் தேடுகிறார்கள்' எண்டு எழுதலாம். ஏன் எண்டு போற ஆள் கேக்கட்டும்."

அந்த முறை அன்றிலிருந்து நிலைத்தது. கண்டதை எழுது, ஊகித்ததை எழுதாதே. ஊகிப்பதற்குத்தான் விற்பனையாளர் சம்பளம் வாங்குகிறார்.

எல்லோரும் என்னைப் பாராட்டிய யோசனை ஒன்று உண்டு. அது பெயர்களைப் பற்றியது. கொழும்பில் ஒருவருடைய பெயர் தமிழில் ஒரு மாதிரி, சிங்களத்தில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் நாலு மாதிரி எழுதப்படும். என் பெயர் ஜெசிந்தா. அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், மாதா கோவில் பதிவேட்டில் இன்னொன்று, பாடசாலைச் சான்றிதழில் வேறொன்று. கருவிக்கு நான் மூன்று பெண்கள். இதனால் ஒரே வாடிக்கையாளரைப் பற்றிய பழைய குறிப்புகள் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தன. எழுத்து வேறாக இருந்தாலும், ஓசை ஒன்றாக இருந்து, தொழிலும் ஊரும் ஒத்துப்போனால், அவரை ஒரே ஆளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். செய்தார்கள். அடுத்த நாளே கருவி பத்து மடங்கு புத்திசாலியானதுபோல இருந்தது. பொறியியலாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இனி அந்தப் பிழை.

மருந்துக்கடைகளுக்குக் குளிரூட்டி விற்கும் இன்னொரு கம்பனி எங்கள் கருவியை மூன்று மாதம் பரீட்சித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் எங்கள் குழு நிலைக்கும். இல்லாவிட்டால் வருட முடிவில் கலைத்துவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கையெழுத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, காலை எட்டரைக்கு எனக்கு ஒரு அழைப்பு வந்தது. அந்தக் கம்பனியில் பிரதிநிதியாக இருந்த யோகேஸ். ஹட்டன் பக்கத்துப் பையன், பரீட்சார்த்தத்தின்போது பழக்கம்.

"மேடம், தெமட்டகொட பார்மசி ரிஸ்வான் நானாவ பத்தி உங்க டூல் என்னமோ தப்பா சொல்லுது. காலாவதியான மருந்து வித்தாருன்னு வழக்காம். மேனேஜர் பாத்துட்டு அவரு பேர லிஸ்ட்ல இருந்தே எடுத்துட்டாரு. அங்க போகவே கூடாதுன்னுட்டாங்க."

"உங்களுக்கு அவரை நல்லாத் தெரியுமா?"

"பன்னெண்டு வருஷமா தெரியும் மேடம். மருந்துப் பெட்டிய வெயில்ல எறக்கி வச்சதுக்கே டிரைவர ஏசுற மனுஷன். இப்ப அவரு பிரிட்ஜ் பழுதாகி நாலு நாளாச்சு. இன்சுலின எல்லாம் ஐஸ் பெட்டியில போட்டு வச்சிக்கிட்டு எனக்கு போன்ல கோல் மேல கோல். நான் என்னத்த சொல்றது?"

கணினியைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தேன். யோகேஸ் சொன்ன வரி அப்படியே இருந்தது. அதற்கு ஆதாரம் மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு சிங்களப் பத்திரிகைச் செய்தி: கொழும்பில் மருந்துக்கடை வைத்திருக்கும் மொஹமட் ரிஸ்வான் என்பவர் கைது. செய்தியில் பெயர் ஒரு மாதிரி எழுதியிருந்தது, வாடிக்கையாளர் பட்டியலில் வேறு மாதிரி. ஓசை ஒன்று, தொழில் ஒன்று, ஊர் ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒரே ஆளாக்கியது நான் கேட்டு வாங்கிய அந்த யோசனை.

அந்த நேரம் என் மனதில் முதலில் வந்தது என்ன என்று உண்மையைச் சொல்கிறேன். இது அதே ரிஸ்வானாகவே இருந்துவிடட்டும் என்று நினைத்தேன். முகம் தெரியாத ஒரு மனிதர் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஐந்து நிமிடம் அப்படி இருந்திருப்பேன். பிறகு அந்தப் பக்கத்தை அச்சடித்துக்கொண்டு தர்ஷினியிடம் போனேன்.

அன்று புதன்கிழமை இல்லை. ஆனாலும் அவள் வரிவரியாக வாசித்தாள்.

"இதை ஆர் சொன்னது?"

"பேப்பர்."

"பேப்பர் ஒரு ரிஸ்வானைப் பற்றிச் சொல்லியிருக்கு. இவர்தான் அவர் எண்டு ஆர் சொன்னது?"

"நான்" என்றேன்.

அவள் பேனையை மூடினாள். விளங்கவில்லை என்று கூடச் சொல்லவில்லை. "வழக்கு புதுக்கடை நீதிமன்றத்திலதானே? போய்ப் பார்த்துக்கொண்டு வாங்கோ. கேட்டுக்கொண்டு வராதீங்கோ, பார்த்துக்கொண்டு வாங்கோ" என்றாள்.

எங்கள் மாதா கோவில் பங்கைச் சேர்ந்த ஒரு சட்டத்தரணி மூலம் விண்ணப்பம் கொடுத்து, வழக்கேட்டைப் பார்க்க இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளும் புதுக்கடையில் வாங்குகளில் உட்கார்ந்து, கறுப்புக் கோட்டுக்காரர்கள் போவதையும் வருவதையும் பார்த்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் கோப்பு வந்தது. சட்டத்தரணி சிங்களத்தில் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னார். குற்றஞ்சாட்டப்பட்டவரின் முகவரி முகத்துவாரம். அடையாள அட்டை இலக்கமும் வாடிக்கையாளர் பட்டியலில் இருந்த தெமட்டகொடைக்காரருடையது அல்ல. அவர் வேறு ஆள்.

எழும்பப்போன என்னை அவர் இருத்தினார். "கடைசிப் பக்கத்தையும் கேளுங்கோ ஜெசிந்தா."

கடைசிப் பக்கத்தில் அந்த முகத்துவார ரிஸ்வான் விடுவிக்கப்பட்டிருந்தார். காலாவதியான மருந்துகள் விற்பனைக்கு வைத்தவை அல்ல, விநியோகித்தவருக்குத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்தவை என்று நிரூபணமாகியிருந்தது. கைதானது செய்தியாக வந்தது. விடுதலையானது எந்தச் செய்தியிலும் இல்லை. நாங்கள் தேடிப் பார்த்துவிட்டோம். ஆக, எங்கள் கருவி தெமட்டகொடை மனிதரைப் பற்றிச் சொன்னதும் பிழை, முகத்துவார மனிதரைப் பற்றிச் சொல்லியிருந்தாலும் பிழை.

கையெழுத்துக்கு ஆறு நாள். எங்கள் நிறுவனத்தில் ஒருவர், சத்தமில்லாமல் திருத்திவிட்டு, கையெழுத்தான பிறகு சொல்லலாம் என்றார். தர்ஷினி உடனே அந்தக் கம்பனியின் விற்பனைத் தலைவரைத் தொலைபேசியில் எடுத்து, அடுத்த நாள் காலைக்கு நேரம் கேட்டாள்.

அவர் ஐம்பது வயதுச் சிங்களவர், மரியாதையான மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில், "உங்கள் பொருள் பிழை என்று நீங்களே வந்து சொல்கிறீர்கள். எங்களுக்கு ஒரு முறைப்பாடுகூட வரவில்லையே" என்றார்.

"வராது. தங்களைப் பற்றி இப்படி ஒரு வரி இருப்பது அவர்களுக்குத் தெரியாது" என்றாள் தர்ஷினி.

அவர் உதவியாளரைக் கூப்பிட்டு, தெமட்டகொடை ரிஸ்வானின் பெயரை அந்த நிமிடமே பட்டியலில் சேர்க்கச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, கையெழுத்து இப்போது இல்லை என்றார். திருத்திக்கொண்டு வாருங்கள், அப்போது பார்க்கலாம் என்றார்.

அடுத்த நாள் யோகேஸோடு தெமட்டகொடைக்குப் போனேன். போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ரிஸ்வான் நானா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மருந்துச்சீட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். பின்னால் நிலத்தில் அந்த ஐஸ் பெட்டி. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்; இரண்டு பேரை ஒருவராகச் சேர்த்தது என் யோசனை என்பதையும் சொன்னேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ட கடையிலயா? காலாவதி மருந்தா? முப்பது வருஷம் மிஸ்! ஒரு மெஷின் சொன்னா கேட்டுடுவாங்களா? ஒரு கோல் எடுத்துக் கேக்க ஏலாதா?"

"கேட்டிருக்க வேணும். இனிக் கேப்பாங்கள்."

யோகேஸ் குறுக்கே வந்து, புது குளிரூட்டி நாளைக் காலை வருகிறது என்றான். நானா அவனைப் பார்த்துத் தலையாட்டினார். கொஞ்சம் அடங்கிய பிறகு என்னிடம் கேட்டார்.

"சரி, அந்த மத்த ரிஸ்வானுக்கு என்ன நடந்த?"

"விடுதலையாகிட்டார். அவர் பிழை செய்யேல்ல."

"அப்ப அவருக்கிட்டப் போனீங்களா?"

"அவர் விடுதலையானது அவருக்குத் தெரியும்தானே."

"அது இல்ல மிஸ். நீங்க அவரப் பத்தி எழுதி வெச்சிரிக்கிறது அவருக்குத் தெரியுமா?"

கொப்பியை எடுத்து அந்த முகத்துவார முகவரியை எழுதிக்கொண்டேன்.

திருத்தம் செய்ய ஏழு கிழமை எடுத்தது. ஓசையை வைத்துப் பெயர்களைச் சேர்ப்பதை நான் விடவில்லை. அது நல்ல யோசனைதான், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதற்கு ஒரு எல்லை போட்டோம். முகவரி, தொலைபேசி, பதிவு இலக்கம், இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாவிட்டால், 'இதே பெயரில் வேறொருவரும் இருக்கலாம். எனக்குத் தெரியாது' என்று கருவி எழுதும். அந்தத் 'தெரியாது' என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லிப் பலர் கேட்டார்கள். பணம் கொடுத்து வாங்கும் கருவி தெரியாது என்று சொன்னால் யார் வாங்குவார்கள் என்றார்கள். வத்தளை டொக்டருடைய குளிரூட்டியில் சாய்ந்து நின்ற கதையை அவர்களுக்குச் சொன்னேன். எனக்குத் தெரியாது என்பதே தெரியாமல்தான் அன்று நின்றேன் என்றேன். அந்தச் சொல் அப்படியே நிலைத்தது. ஒருவருடைய பெயரைக் கெடுக்கக்கூடிய எதையும், மூல ஆவணத்தை ஒரு மனிதர் திறந்து பார்க்காமல் பக்கத்தில் ஏற்றக்கூடாது என்பது அடுத்தது. அதற்கென்றே இரண்டு பேரை வைத்தோம். நான்கு மாதத்துக்குப் பிறகு அந்த விற்பனைத் தலைவர் கையெழுத்துப் போட்டபோது, முதலில் அந்த இரண்டு பேரையும்தான் சந்திக்க வேண்டும் என்றார்.

அதற்கிடையில் நான் முகத்துவாரத்துக்குப் போய்வந்தேன். கடற்கரைப் பக்கம் ஒரு சிறிய கடை. இந்த ரிஸ்வானுக்கு நாற்பது வயதுதான் இருக்கும், ஆனால் தாடி முழுக்க நரைத்திருந்தது. மடிக்கணினியை அவருடைய மேசையில் வைத்து, இரண்டு ரிஸ்வான்களையும் பிரித்த பிறகு அவருக்கென்று வந்த பக்கத்தைக் காட்டினேன். 'காலாவதியான மருந்து வைத்திருந்ததாக வழக்கு. நீதிமன்றம் விடுவித்தது' என்று திருத்தியிருந்தோம். எனக்கு அதில் திருப்திதான். நன்றி சொல்வார் என்றுகூட எதிர்பார்த்திருப்பேன்.

அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"பேப்பர்ல வந்த பொறகு கம்பனி ரெப்மார் ஒருத்தரும் இந்தப் பக்கம் வாரல்ல மிஸ். மூணு வருஷமா நானே பஸ்ஸுல போய் மருந்து எடுத்துட்டு வாரன்" என்றார். பிறகு திரையில் விரலை வைத்தார். "இந்த முதல் பாதி எதுக்கு? கோர்ட்டே இல்லண்டு சொன்னதை நீங்க ஏன் இன்னும் சொல்றீங்க? வாசிக்கிறவர் வழக்கு எங்கிற சொல்லோட நிப்பாட்டிடுவார்."

விற்பனையில் வாடிக்கையாளர் சொல்லும் மறுப்புக்கு மறுப்புச் சொல்லியே பழகியவள் நான். இந்த முறை அவருடைய கடையில் நின்றுகொண்டே தர்ஷினிக்கு அழைப்பெடுத்து, அவர் சொன்னதைச் சொன்னேன்.

"அவர் சொல்றது சரி. முழு வரியையும் எடுங்கோ. அவருக்கு மட்டும் இல்லை, விடுவிக்கப்பட்ட எல்லாருக்கும்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொறியியலாளர்கள் அதை எடுத்தார்கள். பக்கத்தைத் திரும்பத் திறந்தபோது கடையின் பெயர், முகவரி, திறக்கும் நேரம் மட்டும் இருந்தன.

"இனி என்ட பேரத் தேடினா இதுதான் வருமா?"

"எங்கட கருவியில இதுதான் வரும். மற்ற இடங்கள்ல என்ன வரும் எண்டு என்னால சொல்ல ஏலாது."

"சரி" என்றார். மடிக்கணினியை அவரே மூடி என்னிடம் தந்தார்.

அடுத்த கிழமை யோகேஸ் அழைத்தான். முகத்துவாரப் பக்கம் போனபோது அந்தக் கடைக்கும் போயிருக்கிறான்.

"என்ன, பிரிட்ஜ் வித்தாச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம், ஒண்ணும் வாங்கல. ஆனா ஒரு மணித்தியாலமா என்னைய எந்திரிக்கவே விடலயே. பேசிக்கிட்டே இருந்தாரு."